உங்கள் தெருவின் புகைக்கு யார் பொறுப்பு?

சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலைக்குப் பொருள் வாங்கப் போகிறவர்கள் இரண்டு மணி நேரம் அலைந்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டே ஆட்டோ பிடித்து வீடு திரும்பிவிடுவார்கள். அப்படித் திரும்ப முடியாதவர்கள் அங்கே நிறையப் பேர். சாலையோரம் மல்லிகை தொடுக்கும் அம்மா காலையில் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. ஜவுளிக்கடை வாசலில் கையைத் தட்டி வாடிக்கையாளரைக் கூப்பிடும் பையன், சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், ஹேர்பின்னும் கைக்குட்டையும் விற்கிறவர்கள், விளக்குமாற்றோடு வரும் தூய்மைப் பணியாளர், உணவுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு சிக்னலில் காத்திருக்கும் இளைஞர்கள் எல்லோருக்கும் அந்தத் தெருதான் பணியிடம். கடைகளுக்கு மேல் மாடிகளிலும் பின்சந்துகளிலும் குடியிருக்கும் குடும்பங்களுக்கு அதுவே வீட்டு வாசல்.

ஒரு நாள் பூ வாங்கும்போது, "இந்தப் புகையில நாள் முழுக்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டேன். முழம் போட்டுக்கொண்டே, "காத்துக்கு யாருகிட்டப் போய்க் கேக்கறது கண்ணு?" என்றார்.

கேட்க ஆள் இருக்கிறது. ஒரு தெருவில் எழும் ஒவ்வொரு புகைக்கும் ஒவ்வொரு தூசிக்கும் சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய ஒருவர் உண்டு. அவர் யார், அவரை எப்படிக் கேட்பது என்பது அந்த அம்மாவுக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். உஸ்மான் சாலையை வைத்துச் சொல்கிறேன். மதுரையிலோ கோவையிலோ உங்கள் ஊர்ப் பேருந்து நிலையச் சாலையிலோ இடத்தின் பெயர் மட்டும் மாறும்.

முதலில் எண்களைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் முறையிடப் போகும்போது முதலில் காட்டப்படுவது அவைதான். "சென்னைக்கு என்னங்க, கடல்காற்று அடிக்குது, நாம என்ன டெல்லியா?" என்பார்கள். கடல்காற்று உதவுவது உண்மை. பிற்பகலில் அது உள்ளே வரும்போது நகரத்தின் மேல் தேங்கிய மாசு ஓரளவு கலைந்துவிடும். ஆனால் இருபுறமும் ஐந்தாறு மாடிக் கட்டடங்கள் சுவர்போல் நிற்க, மேலே மேம்பாலமும் ஓடும் ஒரு சாலைக்குள் அந்தக் காற்று எளிதில் இறங்குவதில்லை. கட்டடங்களின் உச்சியைத் தொட்டுக்கொண்டு போகும் காற்று, உள்ளே ஒரு சுழலை மட்டும் உண்டாக்குகிறது. கீழே வெளிப்பட்ட புகை அந்தச் சுழலில் சிக்கி ஒரு பக்க நடைபாதையிலேயே திரும்பத் திரும்பப் படிகிறது. ஒரே சாலையில் ஒரு பக்கம் மூச்சு முட்டுவதும் எதிர்ப்பக்கம் சற்றுத் தேவலை என்றிருப்பதும் இதனால்தான்.

மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் தெரியும் காற்றுத் தரக் குறியீடு, நகரத்தில் சில இடங்களில் நிறுத்தப்பட்ட கருவிகளிலிருந்து வருகிறது. சென்னையில் ஆலந்தூர் பேருந்துப் பணிமனை, வேளச்சேரி, மணலி போன்ற இடங்களில் அந்தக் கருவிகள் இருக்கின்றன. துகள்களைப் பொறுத்தவரை அந்தக் குறியீடு 24 மணி நேரச் சராசரி. பூக்கார அம்மா சுவாசிப்பது காலையிலிருந்து இரவு வரையிலான காற்றை. ஊர் உறங்கும் நேரத்துக் காற்றும் அந்தச் சராசரியில் சேர்ந்து எண்ணைக் குறைத்துவிடக்கூடும்.

இதைவிட முக்கியமானது அளவுகோல். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. நம் நாட்டில் 2009-இல் வகுத்த தர அளவின்படி ஒரு கன மீட்டர் காற்றில் இது ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. ஆண்டுச் சராசரிக்கு நமது அளவு 40, அவர்களுடையது 5. குறியீட்டுப் பட்டியலில் 60 மைக்ரோகிராம் என்பது 100 புள்ளி. அந்தப் புள்ளியிலும் பச்சை நிறத்தில் 'திருப்திகரம்' என்றே செயலி காட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைப்போல் நான்கு மடங்கு துகள் இருக்கும் நாளும் நமக்குத் திருப்திகரமான நாள்தான். "செயலியில் பச்சைதானே காட்டுது" என்று உங்கள் மனுவை ஒருவர் ஒதுக்கினால் இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துகள் நுரையீரலோடு நிற்பதில்லை. மிக நுண்ணியவை ரத்தத்தில் கலந்து நாளங்களில் அழற்சியை உண்டாக்குகின்றன. மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஆஸ்துமா, கர்ப்பிணிகளுக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பது ஆகியவற்றோடு இதற்குள்ள தொடர்பு பல நாடுகளில் நிறுவப்பட்டிருக்கிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதிசெய்தது. மறு ஆண்டே வெளிக்காற்று மாசு முழுவதையும் அதே வகையில் சேர்த்தது. குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல். அவர்கள் உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், அவர்களுடைய மூக்கும் வண்டிகளின் புகைக்குழாய்க்கு அருகில் இருக்கிறது. சாலையோரம் நடக்கும் குழந்தையைத் தூக்கிக்கொள்வதும், சாலைக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடித்து நடத்துவதும் சின்ன விஷயமல்ல.

லண்டனில் எல்லா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். தெற்கு வட்டச் சாலை என்ற நெரிசல் மிகுந்த சாலைக்கு மிக அருகில் அவள் வீடு. முதல் விசாரணை மூச்சுத் திணறல் என்று முடித்துவிட்டது. தாய் விடவில்லை. உயர் நீதிமன்றம் 2019-இல் முதல் முடிவை ரத்து செய்ய, 2020 டிசம்பரில் இரண்டாம் விசாரணை காற்று மாசும் மரணக் காரணம் என்று பதிவு செய்தது. பிரிட்டனில் ஒருவரின் இறப்புச் சான்றில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல் முறை. சிறுமி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு தேதிக்கும் ஆவணம் இருந்ததால்தான், அந்த நாள்களில் காற்று எப்படி இருந்தது என்று ஒப்பிட முடிந்தது. நம் ஊரில் இப்படிப்பட்ட ஆவணம் பெரும்பாலும் இருப்பதில்லை. இருமலோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் மருந்துச் சீட்டில் மாத்திரைப் பெயர் மட்டுமே இருக்கும். அடுத்த முறை போகும்போது, "டாக்டர், நான் இன்ன சாலையில் தினம் இத்தனை மணி நேரம் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறேன், அதையும் எழுதுங்கள்" என்று கேளுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ படியேறினால் இளைத்தாலோ நெஞ்சக நோய்ப் பிரிவில் நுரையீரல் ஊதுபரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சீட்டுகளைத் தூக்கிப்போடாமல் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். மருத்துவத்துக்கும் உதவும், பின்னால் முறையீட்டுக்கும் உதவும்.

புகையின் முகவரி

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். உஸ்மான் சாலை போன்ற ஒரு சாலையில் மாசு எங்கிருந்தெல்லாம் வருகிறது?

எல்லோரும் முதலில் கைகாட்டுவது வண்டிகளை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் புதிய வண்டிகளின் புகை வெகுவாகக் குறைந்திருக்கிறது. டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.-இலிருந்து 10 ஆகியிருக்கிறது. சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் இறுதியில் 120 மின்சாரப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. நல்ல மாற்றம்தான். ஆனாலும் சாலையில் பழைய லாரிகளும் வேன்களும் சரக்கு ஆட்டோக்களும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. ஒரே ஒரு பழுதான வண்டி பல நல்ல வண்டிகளின் புகையை ஒரே நிமிடத்தில் கக்கிவிட்டுப் போய்விடும்.

புகைப் பரிசோதனைச் சான்று இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பது பலருக்குத் தெரியும். தெரியாத செய்தி ஒன்று உண்டு. அந்தச் சான்று கையில் இருப்பதாலேயே ஒரு வண்டி தப்பிவிட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 116-வது விதிப்படி, உதவி ஆய்வாளர் பதவிக்குக் குறையாத காவல் அதிகாரியோ மோட்டார் வாகன ஆய்வாளரோ, புகை அளவு மீறியிருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் வண்டியைப் பரிசோதனைக்கு உட்படுத்தச் சொல்லலாம். கரும்புகை கக்கும் வண்டியின் எண், தேதி, நேரம், இடம் ஆகியவற்றோடு ஒரு படமோ காணொளியோ எடுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் அனுப்புங்கள். அரசுப் பேருந்தாக இருந்தால் பணிமனை மேலாளருக்கும் எழுதலாம். சான்றுக்கான பரிசோதனையில் பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியும்தான் பார்க்கப்படுகின்றன. பி.எம். 2.5 நேரடியாக அளக்கப்படுவதே இல்லை. எனவே சான்று இருக்கும் வண்டியெல்லாம் சுத்தமான வண்டி என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது டீசல் ஜெனரேட்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நகரத்துச் சராசரிக் கணக்கில் இது சிறிய இனமாகத் தெரியும். ஆனால் அது நிற்கும் சந்தில் வாழ்பவருக்கு இதைவிடக் கொடிய புகை வேறு இல்லை. பெரிய கடைகள் மின்தடை நேரத்துக்கென வைத்திருக்கும் ஜெனரேட்டரின் புகைக்குழாய் பல இடங்களில் தலை உயரத்தில், நடைபாதையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு விதி இல்லை என்று நினைத்துத்தான் நம் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறார்கள். விதி தெளிவாகவே இருக்கிறது. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி, புகைக்குழாயின் மொத்த உயரம் கட்டடத்தின் உயரத்தோடு, ஜெனரேட்டரின் கே.வி.ஏ. திறனின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டர் அளவையும் சேர்த்து இருக்க வேண்டும். 100 கே.வி.ஏ. என்றால் வர்க்கமூலம் 10, அதை 0.2-ஆல் பெருக்கினால் 2. ஆகவே கட்டட உச்சிக்கு மேல் இன்னும் 2 மீட்டர். சாலையைப் பார்த்துக் கிடைமட்டமாக நீட்டிய குழாய் எந்தக் கணக்கிலும் அடங்காது. ஒலியை அடக்கும் கூண்டும் கட்டாயம்.

நான் குடியிருக்கும் பகுதியில் ஒரு கடையின் பின்புற ஜெனரேட்டர், பக்கத்துக் குடியிருப்பின் சமையலறை ஜன்னலுக்கு நேராகப் புகை விட்டுக்கொண்டிருந்தது. மின்சாரம் போகும் போதெல்லாம் அந்த வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு வெக்கையில் வியர்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு ஆண்டுகள் வாய்ச்சண்டையாகவே போனது. பிறகு எதிர்வீட்டு அக்கா ஒருவர் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு, ஜெனரேட்டர் மேலிருந்த தகட்டின் கே.வி.ஏ. எண்ணையும் குழாயின் படத்தையும் இணைத்து, பத்துக் குடும்பங்களின் கையெழுத்தோடு மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தார். ஆய்வுக்கு ஆள் வந்தார். அடுத்த மாதமே குழாய் மாடிக்கு மேல் ஏறிவிட்டது. கத்திக் கேட்டபோது அசையாத கடை, எண்ணைக் காட்டிக் கேட்டதும் அசைந்தது.

மூன்றாவது தூசி. பலர் இதை மாசு என்றே நினைப்பதில்லை. சாலையில் படிந்த மண், டயரும் பிரேக்கும் தேய்ந்த துகள், பள்ளம் தோண்டி மூடாத இடத்து மணல் எல்லாம் ஒவ்வொரு வண்டி போகும்போதும் எழுந்து அமர்ந்து மறுபடி எழும்புகின்றன. நடைபாதைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே மண்ணாக விடப்பட்ட ஓரம்தான் இதில் முதல் குற்றவாளி. அந்த ஓரத்தைக் கல் பாவி மூடுவதும், விளக்குமாற்றால் தூசியைக் கிளப்பிவிடாமல் உறிஞ்சும் இயந்திரத்தால் கூட்டுவதும் மாநகராட்சியின் வேலை. விளக்குமாறு பிடிக்கிறவரின் மேல் கோபப்படாதீர்கள். அந்தத் தூசியை எல்லோருக்கும் முன்னால் சுவாசிப்பவர் அவர்தான். அவருக்குத் தகுந்த முகக்கவசம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பதும் உங்கள் மனுவில் இருக்கட்டும்.

கட்டுமானத் தூசி தனி. பனகல் பூங்கா பக்கம் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணி நடந்துவருவது அந்தப் பகுதிக்குப் போகிறவர்கள் அறிந்தது. அது போன்ற பெரிய பணியானாலும், பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும் சின்னப் பணியானாலும் விதி ஒன்றுதான். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் 2018 ஜனவரியில் சேர்த்த திருத்தம், துகள் அளவு வரம்பை மீறும் நகரங்களில் இவற்றைக் கட்டாயமாக்கியது. மணல், மண், இடிபாடு எதையும் திறந்தபடி குவித்து வைக்கக் கூடாது. பணியிடத்தைச் சுற்றித் தடுப்பு வேண்டும். தண்ணீர் தெளிக்க வேண்டும். கல்லையும் ஓட்டையும் திறந்த வெளியில் அறுக்கக் கூடாது. தூசியைத் தடுக்க என்ன செய்திருக்கிறோம் என்று மக்கள் பார்வைக்குப் பலகை வைக்க வேண்டும். அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையே முதல் புகாராக எழுதலாம்.

குப்பை எரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்து, சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாயும் பெருமளவு எரிப்புக்கு 25,000 ரூபாயும் விதிக்கச் சொன்னது. சென்னையில் 1913 எண்ணில் உடனே சொல்லலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

அரசியலமைப்பின் 21-வது பிரிவு உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. 1991-இல் சுபாஷ் குமார் எதிர் பீகார் அரசு வழக்கில், மாசற்ற நீரையும் காற்றையும் துய்ப்பது அந்த உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்குப் போட்டவரின் மனு தள்ளுபடி ஆனது, பொதுநலன் என்ற பெயரில் சொந்த நோக்கத்தோடு வந்தார் என்று. ஆனால் அதில் சொல்லப்பட்ட உரிமை நிலைத்துவிட்டது. இன்றும் காற்று தொடர்பான வழக்குகளில் அது எடுத்துக்காட்டப்படுகிறது.

தெருவுக்காகப் போராடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு தீர்ப்பு அதற்கும் மூத்தது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊர். அங்கே ஒரு பகுதி மக்கள், திறந்த சாக்கடையும் துர்நாற்றமும் தாங்காமல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். பணமில்லை என்றது நகராட்சி. 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், மக்களின் சுகாதாரத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் நிதி இல்லை என்று ஒரு நகராட்சி தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தார். அந்த 133-வது பிரிவு, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-வது பிரிவாக இருக்கிறது. பொது இடையூறை அகற்ற உத்தரவிடும்படி கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடம் யாரும் விண்ணப்பிக்கலாம். பெரிய நீதிமன்றம் ஏறாமல், உள்ளூரிலேயே கிடைக்கும் வழி இது. ஏனோ இதை நாம் மறந்துவிட்டோம்.

1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு விரிவான அதிகாரம் தருகிறது. 31ஏ பிரிவின்கீழ் ஒரு தொழிலை மூடவோ மின் இணைப்பைத் துண்டிக்கவோகூட உத்தரவிடலாம். 2023-இல் வந்த திருத்தம் பல குற்றங்களைப் பண அபராதமாக மாற்றி, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை விதிக்க வழிசெய்தது. இவையெல்லாம் பயனளிக்காதபோது தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அதன் தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலசமகாலில் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலும் நேரில் வாதிடலாம். சிக்கல் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இழப்பீடு கேட்பதற்கு ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். 15100 எண்ணில் கேட்கலாம்.

எழுதும் முறை

பெரும்பாலான மனுக்கள் தோற்பது நியாயம் இல்லாததால் அல்ல, "எங்கள் தெருவில் காற்று மாசாக உள்ளது, ஆவன செய்யவும்" என்று எழுதப்படுவதால். அந்த வரியைப் படிக்கும் அதிகாரி யாராக இருந்தாலும் அது வேறொரு துறையின் வேலை என்று நகர்த்திவிடலாம். ஒரு புகைக்கு ஒரு மனு, ஒரு மனுவுக்கு ஒரே பொறுப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டருக்கு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். மண் ஓரத்துக்கும் குப்பைக்கும் மாநகராட்சியின் மண்டல அலுவலர், நகலைக் கவுன்சிலருக்கு அனுப்புங்கள். வண்டிக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலர். என்ன நடக்கிறது, எந்த இடத்தில், எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த விதி மீறப்படுகிறது, நீங்கள் கேட்பது என்ன என்பவை ஒரே பக்கத்தில் வந்துவிட வேண்டும்.

இதற்கு முன்னால் பதினைந்து நாளாவது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பூக்கடை அம்மாவும் செருப்புக் கடை அண்ணனும் இதற்கு நல்ல சாட்சிகள், நாள் முழுவதும் அங்கேயே இருப்பவர்கள் அவர்கள்தானே. எந்த நேரம் கண் எரிகிறது, ஜெனரேட்டர் எப்போது ஓடுகிறது, சரக்கு லாரி இன்ஜினை அணைக்காமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதினால் போதும். விலை குறைந்த கையடக்கக் கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவை காட்டும் எண்ணை நீதிமன்றம் அப்படியே ஏற்காது. ஆனால் எந்த மூலை மோசம், எந்த நேரம் மோசம் என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும். "எங்கள் தெருவில் வாரியமே கருவி வைத்து அளக்கட்டும்" என்று கேட்க அந்த ஒப்பீடே வலுவான காரணம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். தேசிய தூய காற்றுத் திட்டம் 2019-இல் தொடங்கி 131 நகரங்களை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி அதில் இருக்கின்றன. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருந்தால், இதுவரை எவ்வளவு நிதி வந்தது, எந்தத் தெருவில் எந்த வேலைக்குச் செலவானது, என் தெருவுக்கு என்ன திட்டம் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்குமான ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதத்தை அவர்களுக்கு ஒதுக்குவதாகச் சொன்னது. அது எந்த அளவுக்கு நடந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

என்ன கேட்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றைச் சுத்தம் செய்யும் கோபுரம் வேண்டாம். டெல்லி கன்னாட் பிளேசில் 2021-இல் கோடிக்கணக்கில் செலவழித்து ஒன்றை நிறுவினார்கள். பக்கத்தில் நிற்பவருக்குச் சிறிது பலன், நூறு மீட்டர் தாண்டினால் பெரிதாக ஒன்றுமில்லை. புகையைக் கிளம்பவிட்டுப் பிறகு துரத்திப் பிடிக்கும் வேலை அது. மரம் நடுவது நல்லதுதான். ஆனால் குறுகலான சாலையில் கிளைகள் கூரைபோல் மூடினால் புகை உள்ளேயே தங்கும். அங்கே சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே இடுப்பளவு அடர்ந்த செடிவேலி அதிகம் உதவும்.

எல்லாவற்றையும்விடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இன்னொன்று. தெருவைச் சீர்செய்கிறோம் என்ற பெயரில் நடைபாதை வியாபாரிகளை விரட்ட அனுமதிக்காதீர்கள். புகையை உண்டாக்காமல் அதிகம் சுவாசிப்பவர்கள் அவர்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடத்தை வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்குத் தருகிறது. எந்த இடத்தில் கடை போடுவது என்பது அங்கேதான் பேசப்பட வேண்டும். ஜெனரேட்டர் குழாயிலிருந்தும் சிக்னல் கோட்டிலிருந்தும் சில மீட்டர் தள்ளி இடம் ஒதுக்குவது ஒரு வியாபாரியின் நுரையீரலுக்குப் பெரிய விடுதலை.

உஸ்மான் சாலையிலிருந்து பனகல் பூங்காவைக் கடந்தால் பாண்டி பஜார். தியாகராய சாலையின் அந்தப் பகுதியை வாகனத்துக்கான இடத்தைக் குறைத்து, அகன்ற நடைபாதையோடு 2019 நவம்பரில் திறந்தார்கள். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் 2023 மே மாதம் வந்தது. ரயிலிலும் பேருந்திலும் வந்து நடந்தே கடைக்குப் போகலாம் என்ற நம்பிக்கை வந்தால் கார்கள் தானாகக் குறையும். பாண்டி பஜார் நடைபாதையில் போய் நின்று பாருங்கள். வண்டியிலிருந்து தள்ளி நிற்பது மூச்சுக்கு எவ்வளவு மாற்றம் என்று மூக்கே சொல்லும். அந்த நடைபாதையின் மேல் இருசக்கர வண்டிகளை ஏற்றி நிறுத்துவதைத் தடுப்பதும் நம் வேலைதான். இதே போன்ற அகலம் உஸ்மான் சாலைக்கும் வேண்டும் என்பது கேட்கக்கூடிய கோரிக்கை.

அதுவரைக்கும் சிலவற்றை நாமே செய்துகொள்ளலாம். துணி முகக்கவசமும் முந்தானையும் நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு பொருந்திய என்95 கவசம் தடுக்கும். பிரதான சாலைக்குப் பதிலாக ஒரு தெரு உள்ளே தள்ளி நடந்தாலே சுவாசிக்கும் மாசின் அளவு கணிசமாகக் குறையும். கடை வாசலைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கலாம். சிக்னலில் இன்ஜினை அணைக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டுக் கடைவீதிக்கு வரவே கூடாது.

2022 நவம்பர் முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கிராம சபை போலத்தான், உங்கள் வார்டுக்குள் உங்கள் பகுதிக்கென்று. அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு, ஜெனரேட்டர் தகட்டின் படம், மண் ஓரத்தின் நீளம், மருந்துச் சீட்டுகளின் நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பூக்கடை அம்மாவையும் அழைத்துப் போங்கள், அவர் பேசட்டும். சொன்னது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்து, நகல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.